ரப்பர் பேண்ட் போட்ட பக்கங்கள்

இந்தக் கோடையில் எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து படித்தது கதைப் புத்தகம் அல்ல, கைடு. மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு கைடு. இயற்பியலுக்கு ஒன்று, வேதியியலுக்கு ஒன்று, உயிரியலுக்குத் தலையணை கனத்தில் ஒன்று. பரீட்சை எழுதப் போனவள் என் மகள் ஒருத்திதான். படித்தது என்னவோ குடும்பமே.

அதற்கு முந்தைய கோடைகளில் இப்படி இல்லை. கிளை நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்து வருவேன். ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும், மொட்டை மாடியில் பாய் போட்டு வெளிச்சம் இருக்கிற வரைக்கும் உரக்க வாசிப்பேன். மகள் பாயில் குப்புறப் படுத்து, கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி மல்லாந்து படுத்து, தூங்குகிற மாதிரி நடிப்பார். நான் நிறுத்தினால் மட்டும், "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்பார். எங்கள் மூன்று பேருக்கும் சண்டையில்லாத நேரம் அது ஒன்றுதான்.

மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷம் கத கித எல்லாம் கெடையாது. படிச்சா ஒண்ணு, டாக்டருக்குத்தான் படிக்கணும்."

கோச்சிங் கிளாசில் சேர்க்க வசதி இல்லை. நாமே வீட்டில் சேர்ந்து படித்துவிடலாம் என்றார். அவர் படித்தது எட்டாவது. நான் பத்தாவது. அவர் யோசனைக்குக் குறுக்கே நான் எதுவும் சொல்லவில்லை, மகளுக்கும் டாக்டர் ஆகிற ஆசை நிஜமாகவே இருந்தது.

அவர் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிறவர் அவர். பதப்படுத்தி முடித்த தோலை வெளிச்சத்தில் விரித்து, கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்து, இது முதல் தரம், இது இரண்டு, இது ரிஜெக்ட் என்று ஒதுக்கிக்கொண்டே போவார். உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கிழித்த கோடு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்த வேலையை வாசலோடு விட்டுவிட்டு வருகிற மனிதரும் இல்லை. வெண்டைக்காயைத் தரம் பிரிப்பார், தோசையைத் தரம் பிரிப்பார். என் அண்ணன், எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய நாளிலிருந்தே அவருக்கு மூன்றாம் தரம்.

பக்கத்து ஊரில் அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, போன வருடம் மருத்துவ சீட்டு வாங்கிய பெண் ஒருத்தி இருந்தாள். ஊர் முனையில் அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ் வெளுத்துப்போகிற வரைக்கும் தொங்கியது. அவர் ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், அவள் படித்த கைடு மூன்றையும் கேட்டு வாங்கி வந்துவிட்டார். நானும் சந்தோஷப்பட்டேன், அதை மறைப்பானேன்.

வந்ததும் புத்தகத்தை டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தார். ஒரு வரி படிக்கவில்லை. புத்தகத்தை வளைத்துப் பார்த்தார், மூடி வைத்து ஓரத்தில் கட்டை விரலை ஓட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க. கை பட்ட எடம் அழுக்கா இருக்குது. கை படாத எடம் புதுசாட்டம் வெள்ளையா இருக்குது. சீட்டு வாங்குன பொண்ணே இதத் தொடல. அப்போ இது பரீட்சைக்கு வராது."

"அப்பா, அதுவும் சிலபஸ்ல இருக்குதுப்பா" என்றாள் மகள்.

"சிலபஸ்ல ஆயிரம் இருக்கும். நாள் கம்மியா இருக்குது. எது முக்கியமோ அத மட்டும் படி."

"ஒரு வார்த்த அந்தப் பொண்ணு கிட்டயே கேட்டுடலாமே" என்றேன் நான்.

"தோலப் பாத்தா மாடு எந்தக் காட்டுல மேஞ்சுதுன்னே சொல்லுவேன். இதுக்குப் போய் அவங்க வாசல்ல நிக்கணுமா? நீ சும்மா இரு."

வெள்ளையாக இருந்த பக்கங்களைப் பகுதி பகுதியாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டார். உயிரியலில் மட்டும் நாலு இடம். தாவரங்கள் பெரும்பாலும் அதற்குள் போய்விட்டன.

அப்படித்தான் எங்கள் கோடை வாசிப்பு ஆரம்பித்தது. மொட்டை மாடி இல்லை, பாய் இல்லை. ஃபேனுக்குக் கீழே மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்துகொள்வோம். நான் காய் நறுக்கிக்கொண்டே உயிரியலை வாசிப்பேன். அவர் கேள்வியையும் நாலு விடைகளையும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். மகள் சட்டென்று சொன்னால், "ஃபர்ஸ்ட்டு." யோசித்துச் சொன்னால், "செகண்டு." தப்பாகச் சொன்னால், "ரிஜெக்ட்டு." முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. போகப் போக அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அவள் தோள் குறுகுவதைப் பார்த்தேன். பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு மனிதர் அப்படிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு முருங்கைக்காய் நறுக்கினேன். சண்டை போட்டால் அன்றைய படிப்பு கெடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் அவர் வருவதற்குள் அவள் ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார்.

"ரிஜெக்ட் தோலத் திருப்பித் திருப்பித் தடவினா நல்ல தோலாய்டுமா? பேஜார் பண்ணாத" என்று புத்தகத்தை வாங்கி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றாகப் போட்டுக் கொடுத்தார்.

அவள் தோழிகள் அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார்கள். தானும் போடுகிறேன் என்று கேட்டாள். வேறொரு கதவு திறந்திருந்தால் மனசு இளகிப் போய்விடும் என்று அதையும் தடுத்தார்.

பரீட்சை வேலூரில். உள்ளே விடும்போது கம்மலைக் கழற்றச் சொன்னார்கள், தலையில் இருந்த கிளிப்பைக்கூட எடுத்துவிட்டார்கள். கையில் அவள் கம்மலைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்புறத்து மரத்தடியில் நின்றேன். அவர் நிழல் கிடைத்த இடத்திலெல்லாம் நின்று, அவரைப் போலவே காத்திருந்த அப்பாக்களிடம், எந்தப் பாடம் வரும் எது வராது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் வெளியே வந்தபோது அவர் கரும்புச் சாறு வாங்கப் போயிருந்தார். என் கையிலிருந்து கம்மலை வாங்கிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ரப்பர் பேண்ட் போட்டது தாம்மா ஜாஸ்தி வந்துச்சு."

அழவில்லை. அவள் அழுதிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். பஸ்ஸில் நான்தான் அவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பள்ளிகொண்டா தாண்டியதும், "கேள்வி எடுத்தவன் தப்பா எடுத்துட்டான்" என்றார்.

ரிசல்ட் வந்தது. சீட்டு கிடைக்காது என்பது அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் அந்தக் கெட்டிக்காரப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். கைடு உபயோகமாக இருந்ததா என்று நல்ல மனசோடுதான் கேட்டாள். வெள்ளையாக இருந்த பக்கங்களைப் பற்றி நான் கேட்டேன்.

"அதுவா? அந்தப் பாடமெல்லாம் அவ ஸ்கூல் புக்குலயே கரைச்சுக் குடிச்சிட்டாக்கா. அவளுக்கு வராதது எதுவோ அதுக்கு மட்டும் தான் கைடத் தொறப்பா."

பாமாயில் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதை அப்படியே அவரிடம் சொன்னேன். குளிக்கப் போய்விட்டார்.

கலைக் கல்லூரியிலும் அதற்குள் இடம் முடிந்துவிட்டது. மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. இப்போது அவளும் என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிறாள். நான் போடுகிற அதே நீல கோட்டு. எனக்கு நாலு மெஷின் தள்ளி உட்கார்ந்து, தைத்த ஷூவில் நூல் பிசிறு வெட்டுகிறாள். அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம் என்று அவர் சொல்கிறார். அவள் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவரோடு தரம் பிரிக்கிற தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் பெண் இந்த வருடம் பன்னிரண்டாவது. கைடு கேட்டு வந்திருந்தார். நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து கறிக்கு மசாலா பிசைந்துகொண்டிருந்தேன். வந்தவரும் ஒரு வரி படிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே தொழில். ரப்பர் பேண்டைக் கழற்றி, ஓரத்தில் கட்டை விரலை ஓட்டினார்.

"இன்னாண்ணா, ரெண்டு பொண்ணுங்க படிச்ச புக்கு, இந்த எடமெல்லாம் வெள்ளையாவே இருக்குது? அப்போ இது வராதா?"

நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அவர் ஃபேனைப் பார்த்தார்.

டீ கொண்டுவந்த மகள் டம்ளரை வைத்துவிட்டு, "அதத் தான் சித்தப்பா மொதல்ல படிக்கணும்" என்றாள்.

வந்தவர் குழம்பிப்போய் அவரைப் பார்த்தார்.

"அவ சொல்றத வுடுப்பா" என்றார் என் வீட்டுக்காரர். "மார்க்கு வாங்காதவ பேச்ச கேட்டா ஆவுமா?"

அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன். இத்தனை வருட வாழ்க்கையில் கோபப்பட்டிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன், வெறுத்ததில்லை. எழுந்து போய் அந்தத் தம்பி கையிலிருந்து உயிரியல் புத்தகத்தை வாங்கினேன். மஞ்சளும் மிளகாயும் எண்ணெயுமாக இருந்த கையை அந்த வெள்ளைப் பக்கங்களில் வைத்துத் தேய்த்தேன். திருப்பினேன், தேய்த்தேன். தாவரம் முடிகிற வரைக்கும் விடவில்லை. அப்புறம் புத்தகத்தை வீட்டுக்காரர் மடியில் வைத்தேன்.

"இப்போ பாத்துச் சொல்லுங்க, எது முக்கியம்னு."

மகள் என் பக்கம் நிற்பாள், குறைந்தது ஒரு சிரிப்பாவது சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

"நாளைக்குக் கம்பெனிக்குப் போட்டுக்கற கோட்ட ஊற வச்சிட்டியாம்மா?" என்று மட்டும் அங்கிருந்து கேட்டாள்.