கலியாண எழுத்துக்குக் காத்திருந்த பித்தக்குழாய்

வலி முதன்முதலில் வந்தபோது நான் பயற்றம்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். அரியாலையிலிருந்து மகளைப் பெண்பார்க்க வருகிறார்கள். வலது விலாவின் அடியில் யாரோ கையை விட்டுப் பிழிந்ததுபோல ஒரு முறுக்கு. அது முதுகுக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எண்ணெய்ச் சூடாக இருக்கும் என்று நினைத்தேன். நாங்கள் எதற்கும் முதலில் அடுப்பைத்தானே சந்தேகிப்போம்.

மகளை அவர்களுக்குப் பிடித்துப்போனது. சில கிழமைகளில், சம்பந்தம் பேசி முடிக்கும் வேளையில், என் வெண்விழி மஞ்சளானது. ஸ்கான் எடுத்தார்கள், பிறகு எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உள்ளுறுப்புகளைப் படமெடுத்தல்). பித்தக்குழாய் (ஈரலில் ஊறும் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழல்) ஒரு பையைப்போல விரிந்திருந்தது. பிறவியிலேயே இருந்திருக்கிறது. அப்படியே விட்டால் கிருமி தொற்றும், பின்னாளில் புற்றுநோயாகவும் மாறலாம். விரிந்த பகுதியை வெட்டி எடுத்து, மிச்சக் குழாயைச் சிறுகுடலோடு தைக்க வேண்டும் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர்.

வீட்டில் புற்றுநோய் என்ற சொல் யாரையும் உலுக்கவில்லை. பிறவி என்ற சொல்தான் உலுக்கியது.

"தாய்க்குப் பிறவி வருத்தமெண்டால் மகளுக்கும் இருக்குமெண்டுதான் சனம் கதைக்கும்," என்றார் கணவரின் தமக்கை. எனக்கு மச்சாள். "எழுத்து முடியட்டும். அதுவரைக்கும் ஆர் கேட்டாலும் காஸ்ரிக், வயித்து வாய்வு எண்டு சொல்லும்."

எழுத்து என்பது கலியாணப் பதிவு. அது முடிந்துவிட்டால் மாப்பிள்ளை பகுதி பின்வாங்காது.

"பிள்ளையளுக்குப் போறது மெத்தக் குறைவெண்டு டொக்டர் சொன்னவர்," என்றேன்.

"அவர் சொல்லுவார்," என்றார் கணவர். "அரியாலைக்குப் போய் அவரே விளங்கப்படுத்தப் போறார்?"

பிறகு ஒப்பிடத் தொடங்கினார்கள். வயிற்றைத் திறந்து செய்தால் விலாவின் கீழ் நீளமாக வெட்டுவார்கள். சீலைக்கும் சட்டைக்கும் நடுவே தெரியும். சிறுதுளை முறையில் (சின்னத் துளைகளால் கமராவையும் நீண்ட கருவிகளையும் செலுத்திச் செய்வது) சில பொட்டுகள் மட்டும். தொப்புள் வழியே ஒரே துளையாகவும் செய்யலாம்; அது ஒளிந்தேவிடும். இயந்திரக் கை வைத்தும் செய்கிறார்களாம், ஆனால் இந்தியாவுக்குப் போகவேண்டும். மச்சாளுக்குத் தொப்புள்தான் பிடித்தது.

"கொழும்பிலை செய்விச்சுக்கொண்டு ஓடி வரலாம். கலியாணக் கூறைச் சீலை எடுக்கப் போனதெண்டு சொல்லுவம்."

இதைப் படிக்கும் உங்களுக்கும் இதே நோய் இருந்தால், நிபுணர் எனக்குச் சொன்னதைக் கேளுங்கள். திறந்து செய்யும்போது கை தொட்டு உணரும்; காயம் ஆறத்தான் நாளாகும். சிறுதுளையில் வலி குறைவு, கமரா எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் மெல்லிய குழாயை நீண்ட கருவியால் தைப்பதற்குப் பழகிய கை வேண்டும். ஒரே துளையில் கருவிகள் ஒன்றோடொன்று முட்டும். இயந்திரக் கை மணிக்கட்டைப்போல வளையும், தையல் லேசு. நேரம்தான் கூடுதலாக எடுக்கலாம்.

"வெளியிலை எத்தினை ஓட்டை எண்டு பாக்காதேங்கோ அம்மா," என்றார். "உள்ளுக்கை போடுற தையல் கசியாமல், சுருங்காமல் இருக்கவேணும். இன்னொண்டு, கிருமி பிடிக்கமுந்திச் செய்யவேணும்."

அந்தக் கடைசி வசனத்தை எங்கள் வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. சோதிடர் எழுத்துக்கு நாள் வைத்திருந்தார்.

என் குழாய்க்கு அந்த நாள் தெரியாது. எழுத்துக்கு முதல் கிழமை குளிரும் காய்ச்சலும் உலுக்கியெடுத்தன. கொக்குவில் வீட்டிலிருந்து பெரியாசுபத்திரிக்கு ஓட்டோவில், மகளின் மடியில் தலைவைத்துப் போனேன். கொழும்பும் இல்லை, கூறையும் இல்லை. மருந்தேற்றிக் காய்ச்சலை அடக்கி, சில கிழமைகள் ஆறவிட்டுச் சிறுதுளையில்தான் தொடங்கினார்கள். பழுத்த குழாய் பக்கத்து இரத்தக்குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. பிரிக்க முடியவில்லை. திறந்தார்கள். துளையில் தொடங்கித் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். என்னை அந்த வெட்டுத்தான் உயிரோடு திருப்பித் தந்தது. அதைத் தேவையாக்கியது எங்கள் காத்திருப்பு.

வாட்டுக்கு மாப்பிள்ளையின் தாய் சுடுதண்ணிப் போத்தலில் கஞ்சியோடு வந்தார்.

"காஸ்ரிக் கொஞ்சம் முத்திப்போச்சு," என்றார் மச்சாள். என் வயிற்றிலிருந்து இரண்டு குழாய்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

வந்தவர் அவற்றைப் பார்த்தார். "பேசி முடிக்க வரேக்கையே உங்கடை கண் மஞ்சளாக் கிடந்தது, சம்பந்தி. காமாலையோ எண்டு கேக்க வாயெடுத்தனான். என்ரை மனிசன்தான், 'பேசாமல் இரு, எழுத்து முடியட்டும்' எண்டார். கேட்டால் நீங்கள் மனம் நோவியள் எண்டு."

சிரிக்கப் பார்த்தேன். தையல் விடவில்லை. இரண்டு வீடும் ஒரே திகதிக்காகக் காத்திருந்திருக்கின்றன. நடுவில் நான் பழுத்துக்கொண்டிருந்தேன்.

எழுத்து பிந்தி நடந்தது. படம் எடுக்கும்போது மச்சாள் என் சீலைத் தலைப்பை இழுத்துத் தழும்பை மூடினார். நான் விலக்கினேன். அவர் மறுபடி மூடினார். படங்களில் அவர் கை மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறது.

மீள்பார்வைக்குப் போனபோது ஒன்றைக் கேட்டறிந்தேன். பித்தப்பையையும் (பித்தத்தைச் சேமித்துவைக்கும் பை) குழாயோடு எடுத்துவிட்டார்களாம். இனிப் பித்தத்துக்குத் தங்குமிடமில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், ஊறுவது ஊறியபடியே இறங்கிக்கொண்டிருக்கும்.

தையல் சுருங்குகிறதா என்று ஆயுள் முழுக்கப் பார்க்கவேண்டும். காய்ச்சல் என்றால் உடனே வரவேண்டும் என்றார்கள். போகிறேன். யாரிடமும் கேட்பதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியிலும், நல்லூர்த் தேரடியிலும், எல்லோரும் ஒரு நல்ல நேரத்துக்காகக் காத்துநிற்க, எனக்குள்ளே கசப்பு துளி துளியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு யாரும் நாள் வைக்க முடியாது.