பிடி இல்லாத தலை

என் கணவர் குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கதையைக் கேட்கிற எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். வெற்றிலை கூடப் போட மாட்டார். வெள்ளிக்கிழமையில் மீன், மச்சம் தொடமாட்டார். அக்கராயனில் எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த பெண்கள், "உனக்கென்னடி குறை, குடிக்காத மனிசன்" என்பார்கள். வெறி எதுவும் இல்லாமல், முழு நிதானத்தோடு, தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து அடிக்கிற ஆளைப் பற்றி அவர்களுக்கு என்ன கோதாரி தெரியும்?

அவர் அடிப்பதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் தலைமயிர். பின்பக்கமாக வந்து, பின்னலையோ கொண்டையையோ பிடித்து, கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, என் முகத்தைத் தன் பக்கம் திருப்புவார். அதற்குப் பிறகுதான் மற்றக் கை வரும். பிடிக்காமல் அவருக்கு அடிக்கத் தெரியாது. பன்னிரண்டு வருடத்தில் அது மாறவே இல்லை.

என் சொந்தத் தலைமயிர் சுருட்டை. சீப்பு உள்ளே போனால் பல்லை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். கலியாணத்துக்கு முதல் வாரம் அவருடைய அம்மா, என் மாமி, என்னைக் கிளிநொச்சியில் ஒரு பார்லருக்குக் கூட்டிப்போய், "இதை ஸ்ரெயிற் பண்ணி விடுங்கோ பிள்ளை, போட்டோவில வடிவா வரோணும்" என்றார். மருந்து பூசி, சூட்டுக் கம்பியால் இழுத்து, எழும்பும்போது என் தலை வேறு யாருடையதோ போல முதுகில் வழுவழுவென்று கிடந்தது. எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. அவர் பார்த்துவிட்டு, "இப்பதான் பொம்பிளை மாதிரி இருக்கிறாய்" என்றார்.

அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒருக்கால் அதே மருந்து. வேரில் என் சுருட்டை முளைவிடத் தொடங்கினால் அவரே சந்தைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் பார்லர் வாசலில் இறக்கிவிடுவார். கண் எரியும். உச்சியில் கொப்புளம் போடும். சுருட்டையை யாராலும் கையில் சுற்றிப் பிடிக்க ஏலாது, நேரான மயிரைக் கயிறு மாதிரிச் சுற்றலாம். அவர் அதை யோசித்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கைக்கு அது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பத்தாம் வருடமளவில் மயிர் முறியத் தொடங்கியது. உதிர்வது வேறு, முறிவது வேறு. உதிர்ந்த மயிரில் வேர் இருக்கும். இது நடுவில் படக்கென்று முறிந்து, தலையணையிலும் சோற்றிலும் மகளின் பள்ளிக்கூடச் சட்டையிலும் துண்டு துண்டாகக் கிடந்தது. எண்ணெய் வைத்தேன், வெந்தயம் அரைத்துப் பூசினேன், கற்றாழை வெட்டித் தேய்த்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

ஒருநாள் பின்னேரம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். வயலுக்கு வாங்கி வைத்த உரப்பை மழையில் நனைந்துவிட்டது. அதை இழுத்து உள்ளே வைக்காதது என் குற்றம். அவர் வந்தது எனக்குக் கேட்கவில்லை. ஈரமயிரைப் பிடித்துச் சுற்றினார், இழுத்தார். நான் முன்பக்கம் சாய்ந்து கிணற்றுக்கட்டைப் பிடித்தேன். அப்போது தலைக்குப் பின்னால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் என் மயிரில் ஒரு கற்றையைக் கையில் வைத்தபடி வாழைப்பாத்திச் சேற்றில் பொத்தென்று விழுந்தார்.

நான் சிரித்துவிட்டேன். ஐயோ கடவுளே, ஏன் சிரித்தேன்? சேற்றில் இருந்துகொண்டு கையிலிருந்த மயிரை அவர் பார்த்த பார்வைக்கு வேறு என்ன செய்வது? அந்தச் சிரிப்புக்காக இடுப்பில் மூன்று உதை விழுந்தது. வாளியால் முகத்தில் அடித்தார். உதடு பிளந்து, கடைவாய்ப் பல் ஒன்று ஆடிப் பிறகு விழுந்தது. பக்கத்து வளவில் இருந்த மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "கிணத்தடியில வழுக்கும், பாத்து நடக்கிறேல்லையே?" என்று கேட்டார்.

முகம் ஆறியதும் பார்லருக்குப் போனேன். அங்கே வேலை செய்த பெண் சின்னவள்தான், ஆனால் தொழில் தெரிந்தவள். தலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மருந்தை எடுத்து வைத்துவிட்டாள்.

"அக்கா, இனி இதுக்கு மருந்து போட்டன் எண்டால் பாவம் எனக்குத்தான். அடியில உங்கட சொந்தச் சுருட்டை நல்லா வருகுது. அதுவும் மருந்து பட்ட மயிரும் சேருற இடத்திலதான் முறியுது. இதை வெட்டி எறிஞ்சுபோட்டு, உங்கட மயிரை வளர விடுங்கோ."

"எவ்வளவு வெட்டோணும்?"

"முழுக்க, அக்கா."

வீட்டில் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "கத்தரிக்கோல் பட்டுது எண்டால் குரல்வளையை அறுப்பன்" என்று, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார். புருசன் இருக்கும்போது தலைமயிரை வெட்டுகிற பெண்ணை எங்கள் ஊர் சும்மா விடாது. கேள்வி இல்லாமல் அதைச் செய்ய ஒரே வழிதான் உண்டு, அம்மனுக்கு நேர்ந்து முடி இறக்குவது. அது அப்போது என் புத்தியில் இல்லை. எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவருடைய கைக்கு எட்டுகிற மாதிரி என் தலையில் எதுவும் இருக்கக்கூடாது.

அந்த மாரியில், காலபோக வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றவரைப் புடையன் பாம்பு கடித்தது. கால் வீங்கிக் கறுத்து, வாயால் இரத்தம் வந்து, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். வருகிறவர்கள் எல்லாரும், "பாவம், கண்மூடாமல் பாக்கிறாள்" என்றார்கள். உண்மையில் நான் நன்றாகச் சாப்பிட்டேன். கதிரையிலேயே சாய்ந்து நித்திரை கொண்டேன். அவர் எழும்பாமல் போனால் என்ன என்றும் நினைத்தேன். நினைத்ததுக்கு வெட்கப்படவும் இல்லை.

மூன்றாம் நாள் டொக்டர், இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த நேரத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"மாமி, இவர் பிழைச்சு வந்தால் என்ர தலைமயிரைத் தாறன் எண்டு அம்மனுக்கு நேர்ந்தனான்."

பச்சைப் பொய். அம்மனை நான் அந்த மூன்று நாளும் கூப்பிடவே இல்லை. மாமி இரண்டு கையாலும் என் கன்னத்தைத் தடவி முத்தம் தந்தார், பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. பிறகு எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அவர் முரண்டு பிடித்தபோதெல்லாம் மாமியே பாய்ந்தார். "உனக்கு விசரே? நேர்த்தியைக் கடத்தினால் திரும்பவும் பாம்பு வரும். உன்ர உயிருக்காகத்தானே பிள்ளை நேர்ந்தவள்?" பாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் வாய் மூடிக்கொள்ளும். கள்ளிதான் நான், ஓம்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோயில் கேணியடியில் குந்தினேன். சவரக்கத்தி நெற்றியிலிருந்து உச்சிக்குப் போனபோது மருந்து தின்ற மயிரெல்லாம் மடியில் விழுந்தது. அழுகை வந்தது. சுற்றி நின்றவர்கள் பக்தி என்று நினைத்து அரோகரா சொன்னார்கள். அவர் பூசைத் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு பக்தியோடு நின்றார். தலையில் சந்தனம் பூசியதும் பட்ட குளிர்ச்சியை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

முதற்சண்டை ஒரு கிழமையில் வந்தது. பழக்கத்தில் அவர் கை என் பின்தலைக்கு வந்தது, வழுக்கியது, திரும்ப வந்தது, திரும்ப வழுக்கியது. நான் குனிந்து வெளியே ஓடிவிட்டேன். முதுகில் ஒன்று விழுந்ததுதான், ஆனால் ஓட முடிந்ததே. அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அவர் அடிப்பது குறைந்தது. எறிவார், கத்துவார். பிடித்து வைத்து அடிக்க அவருக்குப் பிடி இல்லை.

அந்த மாதங்களில் என் தலை வளர்ந்தது. முதலில் மணற்கடதாசி மாதிரிச் சொரசொரப்பு. பிறகு ஒவ்வொன்றாகச் சுழி விட்டது. ஈரத் தலையைத் துவாயால் உரஞ்சாமல் பழைய பருத்திச் சாரத் துணியால் ஒற்றி எடுத்தேன். காய்ந்த தலையில் சீப்பே வைக்கவில்லை, விரலால்தான் பிரித்தேன். ஒன்றும் முறியவில்லை. அவர், "தும்புத்தடி" என்று கூப்பிட்டார். கூப்பிடட்டும். வாசல் கூட்டுகிற தும்புத்தடியைக் கையில் சுற்ற ஏலாதே என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

இங்கேதான் நான் மடைச்சி. மயிரைத் தூக்கி எறிந்தால் கையும் போய்விடும் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. எங்களுக்கு ஒரே பிள்ளை, பத்து வயது மகள். அவளுடைய தலைமயிர் அவருடையது போல நேரானது, இடுப்பு வரைக்கும். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் பின்னி, கறுப்பு ரிபன் கட்டி விட்டுவிட்டு நான் குசினிக்குள் போனேன். அவர் ஆணியில் கொழுவி வைத்த மோட்டார் சைக்கிள் திறப்பைக் காணாமல் தேடினார். "நீ எடுத்தனியோ?" என்று கேட்டார். "இல்லை அப்பா" என்றாள். அடுத்ததாகக் கேட்ட சத்தம் பிள்ளையின் சத்தம் மாதிரியே இல்லை.

ஓடி வந்தேன். இரண்டு பின்னலையும் ஒரு கையில், மாட்டின் மூக்கில் போடுகிற நாணயக்கயிறு மாதிரிச் சுற்றிப் பிடித்திருந்தார். பிள்ளையின் கால் நிலத்தில் முட்டவில்லை. முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. மற்றக் கை உயர்ந்திருந்தது. அந்த முகம் என் முகம். பன்னிரண்டு வருடமும் என் முகம் எப்படி இருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்.

கழுவி வைத்த தாச்சி கையில் இருந்தது. பொரிக்கிற, நல்ல கனமான இரும்புத் தாச்சி. பிடித்திருந்த கையில் அடித்தேன். விடவில்லை. திரும்ப அடித்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிள்ளை கீழே விழுந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தோளில், முதுகில், முழங்காலில் என்று அவர் முற்றத்துக்கு ஊர்ந்து போகும்வரை அடித்தேன். "பிடி! பிடியன் பாப்பம்! இப்ப எதைப் பிடிக்கப் போறாய்?" என்று கத்தினேனாம். பக்கத்து வீட்டார் பிறகு சொன்னது. மாமி வந்து தலையில் அடித்துக்கொண்டு, "பாம்பிட்ட இருந்து தப்பின பிள்ளையைக் கொல்லுறாளே!" என்று அலறினார்.

மகளின் உச்சியில் ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தில் மயிர் வேரோடு வந்திருந்தது. இரத்தம் காதுக்கு வழிந்தது. பொய் நேர்த்திக்கு அம்மன் தந்த தண்டனை என்று ஒரு கணம் நடுங்கிப்போனேன். பிறகு கோபம் வந்தது. அம்மனுக்கு வேறு வேலை இல்லையா? கடித்தது பாம்பின் பாடு, கை ஓங்கியது மனிதனுடைய பாடு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, போட்டிருந்த உடுப்போடு ஜெயபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன்.

பொலிசில் இரண்டு பக்கத்தாரின் முறைப்பாடும் எழுதினார்கள். எழுதியவர் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "குடிச்சுப்போட்டோ அடிச்சவர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சமாதானமாப் போகலாந்தானே, தங்கச்சி" என்றார். மகளின் தலையைத் திருப்பி அந்த இடத்தைக் காட்டினேன். அவர் எழுதத் தொடங்கினார்.

அக்கா வீட்டுக்கு வந்து பத்தாம் நாள், மகள் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எனக்கும் ஒரு நேர்த்தி வையுங்கோ அம்மா."

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தி பொய் என்றும், அம்மா பயத்தில் சொன்னது என்றும். "உன்ர மயிரில ஒரு பிழையும் இல்லை. பிழை கையில. நாங்கள் வெட்டத் தேவையில்லை, அந்தக் கை இருக்கிற வீட்டுக்குப் போகாமல் விட்டால் சரி. வளர்ப்பம். ரெண்டு பேரும் வளர்ப்பம்" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட மூன்று மாதம் விடவில்லை.

இப்போது இரண்டு வருடம். வழக்கு நடக்கிறது. நான் திரும்பிப் போகவில்லை, போகவும் மாட்டேன். மகளின் உச்சியில் அந்த இடம் மூடிவிட்டது. என் தலைமயிர் தோள் தொடுகிறது, கட்டுக்கடங்காத சுருட்டை. பொத்திப் பிடித்தால் திமிறிக்கொண்டு வெளியே வரும். முறிவு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்க்கும்போது எனக்கு என்னைப் பிடிக்கிறது.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் நான் முற்றத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ என் தலைக்குள் விரல்களை விட்டார்கள். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கை தானாகத் திரும்பியது. முழங்கை எதிலோ பலமாக இடித்தது. சுளகு பறந்து அரிசி சிதறியது. திரும்பிப் பார்த்தால் மகள் நிலத்தில் இருந்தாள். உதடு வெடித்து நாடியில் இரத்தம் ஓடியது.

அவள் அழவில்லை. இரண்டு கையையும் எனக்குக் காட்டினாள், விரித்து.

"நான்தானம்மா. அப்பா இல்லை. சுருட்டை வடிவா இருக்கெண்டு தொட்டனான்."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன். இப்போதெல்லாம் அவள் என் தலையைத் தொடுவதற்கு முன்னால், பத்தடி தூரத்தில் நின்று, "அம்மா, நான் வாறன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கிட்ட வருகிறாள்.