மாத்திரை கொடுக்கிற கன்னியம்மா

“ஷிப்டுக்கு டைம் ஆயிட்ச்சி, எய்ந்துரு நைனா!” என்று கன்னியம்மா ஒரு சத்தம் போட்டால்தான் என் அப்பா உலகநாதன் குளிக்க எழுவார். ஆவடி தொழிற்சாலையிலிருந்து அவர் ரிடையர் ஆனது எண்பத்து மூன்றில்; பத்து வருஷமாயிற்று. அது அவருக்கு நினைவில்லை, என் பெயரும் நினைவில்லை. கன்னியம்மா அவரைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சட்டைப்பையில் பேனா செருகி, முன்வாசல் வழியாக அனுப்பிவைப்பாள். வீட்டைச் சுற்றிப் பின்வாசலுக்கு வந்ததும் உள்ளே அழைத்துக்கொள்வாள். “டூட்டி முட்ச்சிட்டு வந்துட்டியா? குந்து, இட்லி துண்ணு.”

கொரட்டூர் ஏரிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் நடக்கும் முதியோர் இல்லம் அது. மறதி முற்றிய எட்டுப் பேருக்கும் கன்னியம்மாதான் கை, கால், மூளை எல்லாம். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, வாய் மட்டும் நீளம். எழுதப் படிக்கத் தெரியாது. யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், எந்த டம்ளரில் யாருடைய பல்செட் என்பதெல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது.

போன தையில் அங்கிருக்கும் கோதண்டத்தின் பல்செட் சின்னப்பையன் என்கிற பெரியவருக்கும், அவருடையது இவருக்கும் போய்விட்டது. இரண்டு நாள் அதை வைத்தே மென்றார்கள். இரண்டு பேருமே குறை சொல்லவில்லை. நானும் கன்னியம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது. அப்புறம் ஒரே ஆளை இரண்டு தடவை குளிப்பாட்டினாள். ஒருநாள் என்னையே பார்த்து, “யார் ஊட்டுப் புள்ள நீ?” என்றாள். சட்டென்று சுதாரித்து, “சும்மா வெளாட்டுக்கு சார்” என்றாள். முகத்தில் விளையாட்டே இல்லை.

போன புதன்கிழமை அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையை இரண்டு தடவை கொடுத்துவிட்டாள். வேர்த்துக் கொட்டித் தள்ளாடியவருக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அதற்கு என்ன காரணம் என்று இல்லத்தை நடத்தும் சுசீலா மேடத்துக்குத் தெரியாது. அட்டையில் ஒரு மாத்திரை குறைந்திருந்ததைப் பார்த்து நான் தனியாகக் கேட்டபோது கன்னியம்மா அழுதுவிட்டாள்.

“மேடமாண்ட சொல்லிடாத சார். தொரத்திட்டா நான் எங்க போவேன்? எனுக்குன்னு யாரு கீறாங்க?”

சமையலறையை ஒட்டிய மூலைதான் அவள் வீடு. வேலை போனால் அதுவும் போகும். அவளுக்கு வந்திருக்கும் வியாதிக்கு அந்த இல்லத்திலேயே கட்டில் இருக்கிறது, ஆனால் பணம் கட்ட முடியாத அவளுக்குக் கிடைக்காது. சொன்னால் இவள் தெருவில். சொல்லாவிட்டால் என் அப்பா உயிர். மூன்று நாள் யோசித்தும் வழி தெரியவில்லை.

சனிக்கிழமை, சொல்லிவிடுவது என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மாத்திரை அட்டையோடு அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சுசீலா மேடம் எட்டிப் பார்த்து, “ஐயாவுக்கு மாத்திரை குடுத்தாச்சா கன்னியம்மா?” என்றார்.

அவள் அட்டையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“போட்டுக்கினியா நைனா?”

“நீதாம்மா சொல்லணும்” என்று அப்பா சிரித்தார்.

‘குடுத்துட்டேம்மா’ என்று ஒரு பொய் சொன்னால் போதும், அன்றைக்குத் தப்பித்திருப்பாள். நானும் வாய் திறந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கன்னியம்மா ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். அவர் உதடுவரை கொண்டுபோனவள் கையை நிறுத்திக்கொண்டாள். மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னிடம் வந்தாள். மாத்திரையையும் அட்டையையும் என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.