91ஆம் எண் பேண்ட்

எங்கள் கால்பந்து கிளப்புக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்தால், பத்திரிகைக்காரர்கள் அவருடைய பழைய வெற்றிகளை அலசுவார்கள். எங்கள் ரசிகர் மன்றம் அவருடைய பேண்ட்டை அலசும். அதற்கென்றே எங்களிடம் இஸ்திரி அண்ணன் இருந்தார்.

கிளப் ஆட்களின் துணியெல்லாம் அவருடைய சலவைக் கடைக்குத்தான் வரும். தேய்க்கிறபோதே ஆளை எடைபோட்டுவிடுவார். முழங்கால் புடைத்திருந்தால், மைதான ஓரத்தில் குந்திக் குந்திக் கவலைப்படுகிறவன், ஆறு மாதம் தாங்கமாட்டான். இப்படி நான்கு பேர் மூட்டை கட்டப்போவதை முன்கூட்டியே சொன்ன மனிதர். வீட்டில் அவர் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை. மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதுகூட அண்ணியின் முடிவுதான். அவர் சொல் எடுபடுகிற இடம் உலகத்திலேயே இந்தக் கடை ஒன்றுதான்.

ஐந்தாவது பயிற்சியாளரின் கறுப்பு பேண்ட் வந்தது. குத்தியிருந்த சீட்டில் அவருக்குக் கடையில் கொடுத்த எண், 91. சனிக்கிழமை மதியம் முப்பது பேர் அந்தச் சின்னக் கடையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். மறுநாள் மைதானத்தில் பிடிக்க வேண்டிய பதாகைத் துணியை விரித்து, அண்ணனின் தீர்ப்பை அதில் எழுத மன்றத்துப் பெயின்டர் தூரிகையோடு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் பேண்ட்டைப் புரட்டினார். முகம் சுருங்கியது.

"உக்கார்ற இடம் பளபளன்னு தேஞ்சிருக்கு. எந்திரிச்சு ஒரு வார்த்தை பேசாத ஆளு. பாக்கெட் ஓரம் நைஞ்சிருக்கு பாருங்க, ஏதாவது கேட்டா கைய உள்ள விட்டுக்கிட்டுத் திருதிருன்னு முழிப்பான்."

"பட்டன் எப்படிண்ணே?" என்றேன்.

"கறுப்பு பேண்ட்டுக்கு நீல நூல்! பொண்டாட்டி தைச்சுக் குடுத்திருக்கா. ஏன் நீலம்னு கேக்கக்கூட இவனுக்குத் தைரியம் இல்ல. இவனா நம்ம பசங்கள அதட்டி வேலை வாங்கப்போறான்? சுத்த வெத்துவேட்டு!"

பெயின்டர் ஆளுயரத்துக்கு 'போ' என்று எழுதினார்.

அந்த நேரம் பார்த்து அண்ணி சாப்பாட்டு கேரியரோடு வந்து நின்றார். "என்னங்க, உங்க பேண்ட்ட எதுக்கு ஊரே கூடி நின்னு பாக்குது?"

"இது கோச்சோடது."

"அவரோடத நான் காலையிலயே வீட்ல கொண்டுபோய்க் குடுத்தாச்சு. இது உங்களோடது. நீல நூல் நான் போட்டதுதான், கறுப்பு தீந்துபோச்சு."

அண்ணன் சீட்டைப் பார்த்தார். தலைகீழாகக் குத்தியிருந்தது. திருப்பினால் 16, அவருடைய எண். நாள் முழுக்க அடுத்தவன் பேண்ட்டைப் பார்க்கிற மனிதர் சொந்த பேண்ட்டை ஒருநாளும் பார்த்ததில்லை! அவர் மறுத்திருந்தால் அண்ணியை விட்டுவிட்டு நாங்கள் அவரைத்தான் நம்பியிருப்போம். அவர் மறுக்கவில்லை.

"என்னோடதுதான்."

"அப்ப கோச் எப்படி?"

"தெரியலப்பா."

இருபது வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதேயில்லை. பெயின்டர் 'போ' பக்கத்தில் 'டு' சேர்த்தார். 'போடு!' நல்லவேளை, துணி வீணாகவில்லை.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே யாரும் என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. என் கணிப்பு பொய்யாப்போச்சு." எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது.

"எங்கண்ணே பொய்யாச்சு?" என்றார் பெயின்டர், தூரிகையைத் துடைத்துக்கொண்டே. "பேண்ட்டப் பாத்து ஆளச் சொன்னீங்க. ஒரு வார்த்தை தப்பில்லையே!"

முப்பது பேரும் தலையாட்டினோம். எங்களுக்கு முன்னால் ஆட்டியது அண்ணி.