இடது கை எழுதிய வாசகர்கள்

பச்சைப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கைலாசம் நீலத்தை எடுத்தார். எடுத்ததை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார். இப்போது அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய, வாரம் இரண்டு முறை நூலகத்துக்கு வந்து போகும் வயதான விவசாயி. ‘இந்நூலகத்தின் சேவை எனக்கு மனநிறைவு அளிக்கிறது’ என்ற வரிக்கு எதிரே, கை நடுங்குகிறவர் போடக்கூடிய ஒரு டிக்கைப் போட்டார். கொஞ்சம் யோசித்து, அதைக் கட்டத்துக்கு வெளியே இழுத்தும் விட்டார். அடுத்த தாளுக்குக் கறுப்புப் பேனா, வலது கை. விவசாயி போய் கல்லூரி மாணவி வந்துவிட்டாள். அவளும் மனநிறைவோடுதான் இருந்தாள்.

நிரப்பிய கேள்வித்தாள்கள் அப்படியே கட்டுக்குப் போவதில்லை. சிலவற்றை நான்காக மடித்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். சிலவற்றின் மேல் தேநீர் டம்ளரை வைத்து எடுப்பார். “கசங்காத கொஸ்டினேர எவன் நம்புவான்? தெருவுக்குப் போய்ட்டு வந்த தாளு, தெருவு மாதிரி இருக்கணும்லா” என்பார். கைலாசம் கடைப்பிடிக்கும் ஆராய்ச்சி முறையியல் இவ்வளவுதான். மற்றதெல்லாம் தட்டச்சு.

தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது அவருடைய ஆராய்ச்சி உதவி மையம். பெயர்ப் பலகையில் நூலக அறிவியல் முதுகலைப் பட்டம், அதன் பக்கத்தில் எம்.ஃபில்., அதற்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பிஎச்.டி. மழையில் பலகை மங்கியபோதெல்லாம் புது வண்ணம் பூசியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அடைப்புக்குறியைத்தான் முதலில் துலக்கமாக எழுதச் சொல்வாராம். ஊரில் பலரை டாக்டர் ஆக்கியவர். தன்னுடைய ஆய்வுக்கு மட்டும் நேரம் வாய்க்கவில்லை என்று சொல்லிக்கொள்வார். அவருடைய வழிகாட்டி ஓய்வு பெற்று, அவருக்குப் பிறகு வந்தவரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

புள்ளியியலை அவர் கையாளும் அழகே தனி. எண்களைக் கணினியில் ஏற்றி ஒரு பொத்தானை அழுத்துவார். முடிவு பொருட்படுத்தத் தக்கது என்றால் மென்பொருள் அந்த வரியின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போடும். நட்சத்திரம் வந்தால் கைலாசம் நாற்காலியில் சாய்ந்து உடம்பை முறுக்குவார். வராவிட்டால் தென்காசி வட்டார மக்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்வார்கள். மறுபடி அழுத்துவார். மக்கள் பிடிவாதக்காரர்கள் அல்ல. இரண்டு மூன்று தடவைக்குள் இணங்கிவிடுவார்கள்.

அப்படி இணங்கிப்போகிற மக்கள் கூட்டம் ஒன்று அவருக்குச் சொந்தமாகவே உண்டு. தொழில் தொடங்கிய புதிதில், முதல் வாடிக்கையாளருக்காக ராப்பகலாக உட்கார்ந்து உருவாக்கிய கூட்டம். வயது, படிப்பு, வருமானம், விருப்பு, வெறுப்பு எல்லாம் அவரே கொடுத்தது. அடுத்து வந்தவர்களுக்குப் புதுக் கூட்டம் எதற்கு? ஆய்வு ஆசிரியர்களைப் பற்றியதென்றால் அவர்கள் ஆசிரியர்கள். பீடி சுற்றும் பெண்களைப் பற்றியதென்றால் கூண்டோடு பெண்கள். கணினி அட்டவணையில் பத்தியின் தலைப்பை மட்டும் மாற்றுவார். யாராவது கேட்டால், “தொழிலு மாறும், வயசு மாறும். மனுசன் மனசு மாறுமாவே?” என்று தத்துவத்துக்குள் நுழைந்துவிடுவார்.

இந்தக் கூட்டத்திடம்தான் லோகநாயகி வந்து மாட்டினார். ஆலங்குளம் சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் ஒப்பந்த நூலகர். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் டாக்டர் பட்டம் வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காரும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தென்காசி வட்டாரக் கிளை நூலகங்களில் வாசகர்களின் மனநிறைவு என்பது அவர் தலைப்பு. விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கேட்கத்தான் முதலில் நினைத்திருந்தார். கைலாசம் அவரைக் காப்பாற்றினார்.

“வெயில்ல அலைஞ்சி என்ன மேடம் கெடைக்கும்? வாசகன் பாதிக் கேள்விய விட்டுட்டு டீ குடிக்க எந்திச்சிப் போயிருவான். எங்கிட்ட உள்ளவன் ஒருத்தன்கூட ஒரு கேள்விய விட மாட்டான்.”

லோகநாயகிக்கு நெருடியது. நெருடினாலும் வேலை முக்கியம். தாள்களைக் கைலாசத்திடமே விட்டுவிட்டு விடுப்பை மிச்சப்படுத்திக்கொண்டார்.

கைலாசத்தின் திறமையெல்லாம் கூடி வருவது வைவா நாளில். ஆய்வாளரைப் பொதுச் சபையில் உட்காரவைத்து, வெளியூர்ப் பேராசிரியர் கேள்வி கேட்கும் நாள் அது. அந்த நாள் குற்றால சீசனில் விழும்படி கைலாசம் பார்த்துக்கொள்வார். பேராசிரியரை முந்தின நாளே வரவழைத்து, ஐந்தருவிக்கரையில் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்து, அருவியில் நிறுத்தி, அங்கிருந்து புளியறைப் பக்கம் கொண்டுபோய் நாட்டுக்கோழியும் புரோட்டாவும் வாங்கிக்கொடுத்து அறைக்குத் திருப்பிக் கொண்டுவிடுவார். மறுநாள் சபையில் அந்த மனிதர் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய பாடு. “தல காயாத மனுசன் என்ன கேள்வி கேப்பாவ? ‘அருமையா செஞ்சிருக்கியம்மா’ன்னு கையெழுத்தப் போட்டுட்டு, பொறவு தேன் எங்கன நல்லா கெடைக்கும்னுதான் கேப்பாவ.”

லோகநாயகிக்கும் அதே ஏற்பாடுதான். அந்த வாரமே கைலாசத்திடம் இன்னொரு வைவாவும் இருந்தது. சுற்றுலா மேலாண்மையில் ஆய்வு செய்யும் ஆசிப். ஐந்தருவிக்குக் குளிக்க வருகிறவர்களின் மனநிறைவு அவன் தலைப்பு. அவனுக்கு ஒரு பேராசிரியர், லோகநாயகிக்கு ஒரு பேராசிரியர். இருவரையும் ஒரே லாட்ஜில், ஒரே அறையில், இரண்டு கட்டிலில் போட்டார் கைலாசம். ஒரே கார், ஒரே எண்ணெய்ப் பாட்டில், ஒரே செலவு.

மலையில் மழை கொட்டியது. சாரலுக்காகக் காத்திருந்த ஊரில் வெள்ளம் வந்து விழுந்தது. ஐந்தருவி ஐந்தும் ஒன்றாகிச் செம்மண் நிறத்தில் இரைந்தது. போலீஸ் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டது. கைலாசம் குடையோடு போய்க் காவலரிடம் கெஞ்சிப் பார்த்தார்.

“யூனிவர்சிட்டி ஆளுக சார். தலைய மட்டும் நனச்சிட்டு வந்திருவாவ.”

“தலைய நனைக்கணும்னா இங்கனயே குடைய மடக்கும்வே” என்றார் காவலர்.

அறையில் அடைபட்ட இரண்டு பேராசிரியர்களுக்கும் பொழுது போகவில்லை. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால் தொலைக்காட்சியும் இல்லை. வேறு வழியில்லாமல் கையிலிருந்த ஆய்வேடுகளைப் படித்தார்கள். தன்னுடையதைப் படித்து முடித்தவர் மற்றவருடையதை வாங்கிப் படித்தார். கைலாசத்தின் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு விபத்து அதுவரை நடந்ததில்லை.

மறுநாள் சபை. முன்வரிசையில் லோகநாயகியின் வீட்டார், பட்டுப்புடவையும் பூவுமாக. கடைசி வரிசையில் கைலாசம், சிற்றுண்டிப் பொட்டலங்களோடு. லோகநாயகி திரையில் அட்டவணைகளைக் காட்டி முடித்ததும் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“அம்மா, உங்க கிளை நூலகங்கள்ல நாளிதழ்ப் பிரிவுல கிடைக்கிற மனநிறைவு, சராசரி மூணு புள்ளி எட்டு ஏழு. சரிதானா?”

“ஆமா சார்.”

“ஐந்தருவியில எண்ணெய் தேச்சுக்கிறதுல கிடைக்கிற மனநிறைவும் மூணு புள்ளி எட்டு ஏழுதான். என்கூட அறையில தங்கியிருக்கிற சார் கையில அந்த ஆய்வேடு இருக்கு. குளிக்க வந்தவங்க துணி மாத்துற இடத்தைப் பத்திச் சொன்னதை, உங்க வாசகர்கள் நூல் அட்டவணையைப் பத்திச் சொல்லியிருக்காங்க. கடைசி வரி வரைக்கும் அப்படியே இருக்கு. இவங்கல்லாம் குளிச்சிட்டு நேரே நூலகத்துக்கு வந்துட்டாங்களா?”

சபை சிரித்தது. லோகநாயகி திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். கைலாசம் குனிந்து, சட்னிப் பொட்டலங்கள் சரியாக இருக்கின்றனவா என்று மிகுந்த அக்கறையோடு எண்ணிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் கதவை முழுக்க அடைக்கவில்லை. உண்மையான வாசகர்களிடம் கேட்டு, ஆய்வேட்டைத் திருத்தி, கல்வியாண்டு முடிவதற்குள் கொண்டுவந்தால் இன்னொரு முறை பார்க்கலாம் என்றார். அதுவும் தப்பினால் அதோடு முடிந்தது.

மறுநாள் காலை லோகநாயகி ஜெராக்ஸ் கடை மாடிக்கு ஏறி வந்தபோது கைலாசம் கொஞ்சமும் கலங்காமல் இருந்தார்.

“பயப்படாதிய மேடம். தசமத்துல கொஞ்சம் தட்டி விட்டுட்டா தீந்துது. நம்ம நேரம், ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டேன் பாருங்க, அதான் தப்பு.”

“அதான் தப்பா?”

“மழையும்தான்.”

அதுவரை அவரை சார் என்றே அழைத்துவந்த லோகநாயகி, மேசையிலிருந்த வெற்றுக் கேள்வித்தாள் கட்டைத் தூக்கி அவர் மடியில் போட்டார். “எந்தியும்வே. நீரும் வாரும். வாசகன்னு ஒரு ஆளையாவது உசுரோட பாரும்.”

அப்படித்தான் கைலாசம் ஒரு நூலகத்துக்குப் போனார். நூலக அறிவியலில் இரண்டு பட்டம் வாங்கியவர் படிக்கிற அறைக்குள் நுழைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றலாமா கூடாதா என்று தயங்கி நின்றார். உள்ளே போனதும் அவர் கண்கள் ஒவ்வொரு மேசையாகத் துழாவின. கை நடுங்குகிற அந்த விவசாயி எங்கும் இல்லை. நாளிதழை முகத்தின் மேல் விரித்துக்கொண்டு ஒரு பெரியவர் உறங்கினார். மற்ற நாற்காலிகள் எல்லாவற்றிலும் போலீஸ் தேர்வுக்கும் கிராம நிர்வாக அலுவலர் தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகள். எல்லோர் கையிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த கைடு. அலமாரிப் பக்கம் ஒருவரும் இல்லை.

லோகநாயகி கொடுத்த தாளை முதலில் வாங்கியவள் இசக்கிச்செல்வி. காவலர் தேர்வுக்குப் படிக்கிறவள். தாளை மேலும் கீழும் புரட்டினாள்.

“இதுல நெகட்டிவ் மார்க் உண்டா அண்ணாச்சி?”

“மார்க்கே கெடையாதும்மா” என்றார் கைலாசம்.

“பொறவு எதுக்கு எழுதணும்?”

“எனக்காக எழுது தாயி. எனக்கு வேலை நிக்கணும்” என்றார் லோகநாயகி.

அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. தேர்வு எழுதும் வேகத்தில் டிக் போட்டுக்கொண்டே போனாள். ‘நூல்கள் போதுமானவை’ என்பதற்குக் கருத்து இல்லை. ‘நாளிதழ்ப் பிரிவு மனநிறைவு அளிக்கிறது’ என்பதற்கு முற்றிலும் உடன்படவில்லை.

கைலாசத்தால் பொறுக்க முடியவில்லை. “ஏம்மா, நல்ல லைப்ரரிலா? இத்தன புஸ்தகம் இருக்கு. கருத்து இல்லன்னா எப்படி?”

“நா ஒரு புஸ்தகத்தையும் தொட்டதில்ல அண்ணாச்சி. தொடாததுக்கு என்னத்தச் சொல்ல?”

“பேப்பரு?”

அவள் உறங்குகிற பெரியவரைத் தன் நீலப் பேனாவால் காட்டினாள். “அவரு எந்திச்சாத்தான் எங்க கைக்கு வரும்.”

தாளின் ஓரத்தில், கேட்காத இடத்தில், அவளாகவே இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். ‘எங்க வீட்ல டிவி ஓடிக்கிட்டே இருக்கும். இங்க ஒரு நாற்காலி எனக்குன்னு கிடைக்குது. அதுக்குத்தான் வர்றேன்.’

லோகநாயகி அதை இரண்டு தடவை படித்தார். வைவா நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. “புஸ்தகத்துக்கு வரல, நாற்காலிக்கு வாராவ. இத எந்தத் தீசிஸ்லயும் நான் படிச்சதில்ல.”

“ஓரத்துல எழுதுனத மிஷினுக்குள்ள எங்கன ஏத்துவிய?” என்றார் கைலாசம் எரிச்சலாக. “அதுக்கு ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பரு வேணும். இப்படியே போனா ஒரு நட்சத்திரம் வராது, சொல்லிட்டேன்.”

“வராட்டா போவுது. இதப் பத்திரமா வையும்” என்று அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, மீதிக் கட்டோடு அடுத்த மேசைக்குப் போனார் லோகநாயகி. அங்கே ஒரு பையன் கேட்ட கேள்விக்குக் குனிந்து பதில் சொல்லத் தொடங்கினார்.

கைலாசம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தாளைக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். புத்தம் புதிதாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது. அதை நான்காக மடித்துத் தொடைக்கு அடியில் வைத்து ஒரு முறை அழுந்த உட்கார்ந்து எழுந்தார். மேசையில் விரித்தார். அடுத்த மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். சட்டைப் பையில் வரிசையாக நின்ற பேனாக்களில், இசக்கிச்செல்வியின் நீலத்தோடு பொருந்துகிறதைத் தேடி எடுத்தார். மூடியைப் பல்லால் கழற்றி, பேனாவை மெல்ல இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.