ஓட்டக்காரனுக்கு வைத்த பொட்டு

சரஸ்வதி பூசைக்கு அடுத்த நாள் காலையில்தான் என் கை செய்த அநியாயத்தைப் பார்த்தேன். மகளின் பாடப்புத்தகங்கள், அகராதி, என் கணவர் படிக்கிற பிரெஞ்சுக் கொப்பி என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து அடுக்கியிருந்தேன். அவற்றுக்கு நடுவே, மகளின் பியானோ ரீச்சர் இரவல் தந்த இசைத்தாளும் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சடித்தது. அட்டைப் படத்தில் ஏழெட்டு ஆண்கள் பனிக்குள் ஓடுகிறார்கள். முன்னால் ஓடுகிறவனின் நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு.

உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்று ரீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் உறைக்கா பொட்டு வைப்பது என்று நான்தான் உருவி எடுத்தேன். ஈரப்பஞ்சால் ஒற்றினேன். சிவப்பு இறங்கி அவன் தாடிவரை வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

அந்தத் தாளின் கதையை ரீச்சரே சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் இந்த நகரத்தில், அகலமான பனிச்சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மலையில் ஓடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்ததாம். அவர்களின் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பவர். ஓட முடியாத அந்த மனிதர், சங்கத்தின் நடன விருந்துக்காக, ஓடுகிற வேகத்திலேயே ஆட வேண்டிய ஓர் இசையை எழுதி அவர்களுக்குக் காணிக்கையாக்கினார். முன்னால் ஓடுகிறவன் ரீச்சரின் பூட்டன். என் மகள் கச்சேரியில் அதன் கதையைச் சொல்லிவிட்டு வாசிக்க வேண்டும்.

"அம்மா, இனி அவா என்னைப் படிப்பிக்கமாட்டா," என்று அழுதாள். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த ரீச்சர் அவர்.

நாங்கள் இருக்கும் கர்க்லாண்டிலிருந்து ரீச்சரின் வீடு இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குக் காரில் கொஞ்சத் தூரம்தான். அன்றைக்கென்று எல்லாச் சிக்னலும் பச்சையாக விழுந்து தொலைத்தது. நான் சிவப்புக்காக வேண்டிக்கொண்டே போனேன்.

ரீச்சர் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சும் கைவிட்டது.

மகள்தான் பேசினாள். நான் பூசிவிடும் திருநீற்றைப் பள்ளிக்கூடம் போய்ச் சேருமுன் காரிலேயே துடைத்துவிடுகிறவள் அவள். "மதிக்கிறதுக்குத்தான் நாங்கள் பொட்டு வைப்போம். அம்மா இந்த ஓட்டக்காரருக்கு மரியாதை செய்திருக்கிறா," என்று பிரெஞ்சில் சொன்னாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொட்டு வைக்கும்போது அந்தப் படத்தை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுப்பில் கடலை கருகப்போகிறதே என்ற அவசரம்தான் எனக்கு.

"இந்த இசையையும் இவர்களுக்கு மரியாதை செய்யத்தானே அவர் எழுதினார்," என்றார் ரீச்சர் கடைசியில். மகளைப் பியானோவில் இருக்கச் சொல்லி, முன்னால் ஒரு போட்டோக்கொப்பியை வைத்தார். பழைய தாளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து மகள் காரில் திருநீற்றைத் துடைத்தாலும் நான் வாய் திறப்பதில்லை.