வெர்னாவும் விசிலடிக்கும் பம்பும்

கழிவறைக் குழாயின் ஒரு முனையை இரண்டு கைகளாலும் பிடித்து, துணி துவைப்பதுபோல் ஓங்கி ஓங்கிப் படகுத்துறைப் பலகையில் அடித்துக்கொண்டிருந்தார் வெர்னா ஹால்வர்சன். ஒவ்வொரு அடிக்கும் குழாயின் வாயிலிருந்து வெள்ளைச் சில்லுகள் தெறித்தன. கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து உள்ளே கட்டிய காறை அது. கடற்காகங்கள்கூட நாலு பலகை தள்ளியே உட்கார்ந்திருந்தன.

"என்ன வெர்னா, வெளுப்பு பலமா இருக்கே?" என்றார் எதிர்ப் படகில் குடியிருக்கும் லைல்.

"உன் வாயையும் கொண்டா. சேத்து வெளுத்துடறேன்."

வெர்னா, அனகோர்ட்டஸ் ஊர்ப் பள்ளிச் சமையலறையில் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டு ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுவிட்டுக் கணவர் ஆரினோடு படகிலேயே குடியேறியவர். அந்தப் பாய்மரப் படகுக்கு அவர்கள் மகளைவிட வயது அதிகம். அதன் கழிவறையில் பொத்தான் கிடையாது. பக்கவாட்டில் ஒரு கைப்பம்பு. அடித்தால் கடல்நீர் கோப்பைக்குள் வரும். கழிவு படகிலேயே இருக்கும் தொட்டிக்குப் போகும்.

ஞாயிறுதோறும் வெர்னா அதற்கு ஒரு டம்ளர் வினிகரும் ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றுவார். அதே எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்துத்தான் காலை அப்பமும் சுடுவார். விருந்தாளி யாராக இருந்தாலும் காப்பிக்கு முன் பாடம் உண்டு. "உன் வயித்துக்குள்ள போயிட்டு வந்தது மட்டுந்தான் இதுக்குள்ள போகணும். காகிதம் இந்தப் பையில. எங்கே, ஒரு தடவை பம்படிச்சுக் காட்டு." சுவருக்கு அந்தப்பக்கம் நின்று சத்தத்தை வைத்தே மதிப்பெண் போடுவார். "அவசரப்படுறே. அது மூச்சு விடட்டும்."

அந்தப் பம்பு சில வாரங்களாக மக்கர் செய்தது. அடித்து முடித்த பிறகும் கோப்பையில் தண்ணீர் தானாக ஏறியது. ஒவ்வொரு முறையும் குனிந்து, தரைப்பலகையைத் தூக்கி, அடியில் இருக்கும் கடல் வால்வை மூடவேண்டும். ஒரு முறை மறந்தாலும் கோப்பை நிரம்பி வழிந்து, கடல் வீட்டுக்குள் வந்துவிடும். வெர்னா மறக்கமாட்டார். ஆனால் ஆரினுக்கு இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். குனியவே கூடாது என்பது மருத்துவர் உத்தரவு.

மகள் சிக்னே மலைக்கு அந்தப்பக்கம் ஸ்போகேனில் இருப்பவள். தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பா குனியாம போக முடியுமாம்மா? முடியும்னா படகு. இல்லன்னா நேரா எங்க வீடு. சும்மா கொஞ்ச நாளைக்குத்தான்."

கொஞ்ச நாளைக்கு என்று கரையேறியவர்களின் படகுகளில் விற்பனைப் பலகை தொங்குவதை இந்தத் துறையில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வெர்னா தொலைபேசியை வைத்தார். திருப்புளியை எடுத்தார்.

கழிவு திரும்பி வராமல் தடுக்கும், வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வை மாற்றினார். அடித்துத் துவைத்த குழாயை மாட்டினார். பம்படித்துவிட்டு, டார்ச்சோடு கோப்பையின் எதிரே உட்கார்ந்தார். தண்ணீர் ஏறியது.

"இன்னும் ஏறுதா?" என்று லைல் எட்டிப் பார்த்தார். ஆரின் உட்காரும் உயரத்துக்குத் தேக்குப் பலகையில் ஒரு பெட்டி அடித்துக் கொண்டுவந்திருந்தார். அவர் அதற்கு வைத்த பெயர் சிம்மாசனம்.

"ஏறுது. ஆனா பாரு, தெளிஞ்ச தண்ணி. போற வழி நல்லாத்தான் இருக்கு. வர்ற வழியிலதான் கோளாறு."

தண்ணீர் வரும் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். கைகழுவும் தொட்டிக்குப் பின்னால் அது கடல்மட்டத்துக்கு மேலே ஏறி வளைந்து இறங்கும். வளைவின் உச்சியில் ஒரு சிறிய காற்றுத் துளை. பம்பு நின்றதும் அது காற்றை இழுத்துக்கொண்டால்தான் தண்ணீரும் நிற்கும். வெர்னாவின் விரலில் ஏதோ பிசுபிசுத்தது.

கறுப்பு டேப். மூன்று சுற்று, கச்சிதமாக. பிரிக்க வசதியாக நுனியைக் காதுபோல் மடித்துவிட்டிருந்தது. இந்தத் துறையில் டேப்பை அப்படி மடிப்பவர் ஆரின் ஒருவர்தான். பம்படிக்கும்போது அந்தத் துளை விசிலடித்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அறுவைசிகிச்சைக்கு முன் புலம்பிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

உள்ளேயிருந்து வந்த சத்தத்தை அழுகை என்று நினைத்துத்தான் லைல் பதறி ஓடினார். வெர்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "ஆயுசு முழுக்க வாயை மூடத் தெரியாத மனுஷன், மூடக்கூடாததை மூடி வெச்சிருக்கார் பாரு!"

டேப்பைப் பிரித்து, வெந்நீர் விட்டு, துளையின் உப்பை ஊசியால் குத்தி எடுத்தார். மறுபடி பம்படித்தார். கோப்பைத் தண்ணீர் இருந்த இடத்திலேயே நின்றது. சாய்ந்து உட்கார்ந்து, காலையில் போட்டு ஆறிப்போன காப்பியை ருசித்துக் குடித்தார்.

கடல் ஓதம் ஏறி, மிதக்கும் துறை உயர்ந்து, கரையிலிருந்து இறங்கும் சாய்பாலம் மட்டமாகும் நேரம் பார்த்து மருத்துவமனையிலிருந்து ஆரினைக் கூட்டி வந்தாள் சிக்னே. அவர் துணிப்பெட்டி காரிலேயே இருந்தது. "முதல்ல டாய்லெட். அப்புறந்தான் பெட்டி."

இரண்டு கைத்தாங்கலில் ஆரின் படகேறி உள்ளே போனார். துறையில் நின்ற எல்லாரும் திடீரென்று வானத்தை ஆராயத் தொடங்கினார்கள். பம்பு சத்தம் கேட்டது. அதோடு சன்னமாக ஒரு விசில். பிறகு இரண்டும் நின்றன.

சிக்னே டார்ச்சோடு உள்ளே போனாள். நெடுநேரம் வரவில்லை. அவள் தோளிலிருந்து கழற்றி வைத்த கைப்பை பலகைமேல் கிடந்தது.

வந்தவள், "ஏறலம்மா," என்றாள். "சரி, பெட்டியை எடுத்துட்டு வரேன்," என்று சாய்பாலத்தை நோக்கி நடந்தாள்.

உள்ளேயிருந்து ஆரினின் குரல். "ஏய் வெர்னா! அந்த விசில் சனியன் திரும்பி வந்துடுச்சு! இங்க ஒரு டேப் வெச்சிருந்தேனே, எங்க?"

"இரு, தேடித் தரேன்!" என்று குரல் கொடுத்தபடியே, வெர்னா முன்பே சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்த அவருடைய டேப் சுருளை எடுத்து, ஸ்போகேனுக்குத் திரும்பப்போகும் மகளின் கைப்பைக்குள் அடியில் செருகி, ஜிப்பை இழுத்து மூடினார்.